காரத்துக்கு மட்டும்தான் பரிசா?

2023ஆம் ஆண்டில் இரண்டு மிளகாய்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. அமெரிக்காவின் ‘பெப்பர் எக்ஸ்’ உலகிலேயே மிகக் காரமானது என்று கின்னஸ் சாதனை படைத்தது. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் முண்டு மிளகாய் புவிசார் குறியீடு பெற்றது. முதல் வகை மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணீர் விடுவோரின் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாவதின் பெயரையாவது கேட்டிருக்கிறீர்களா? இராமநாதபுரம் பக்கமிருந்து பினாங்குக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களிலும் இருப்பீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

காரத்தை அளக்கும் முறையை 1912இல் வகுத்தவர் வில்பர் ஸ்கோவில். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் கரைத்து, காரம் தெரியாமல் போகும்வரை நீர்த்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை மடங்கு நீர்த்தோமோ அதுவே அளவு. பெப்பர் எக்ஸின் சராசரி 2,693,000. நம் நாக்கு படும் பாட்டை இந்த எண் சொல்லும். செடி படும் பாட்டைச் சொல்லாது.

செடிக்குக் காரம் எதற்கு? பொலிவியாவின் காட்டு மிளகாய்களை ஆராய்ந்த ஜோசுவா டியூக்ஸ்பரி குழுவினர் ஒரு விடை கண்டனர். பூச்சி துளைத்த ஓட்டை வழியே பூஞ்சை நுழைந்து விதைகளை அழிக்கிறது. காரத்தைத் தரும் கேப்சைசின் அந்தப் பூஞ்சையைத் தடுக்கிறது. ஈரமான இடங்களில் அது பெரிய லாபம். ஆனால், தண்ணீர் குறைந்தபோது காரமான செடிகள் காரமில்லாதவற்றைவிட ஏறக்குறைய பாதி விதைகளையே தந்தன. அவற்றின் இலைத்துளைகள் நெருக்கமாக இருந்ததால் நீர் அதிகம் வெளியேறியது. வறண்ட இடங்களில் காரமில்லாத செடிகள் மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம் என்றனர்.

முண்டு, உழவர்கள் வளர்த்தெடுத்த வேறோர் இனம். காரத்தில் நடுத்தரம்தான், நம் சிலி பாடி அதைச் சுலபமாகத் தோற்கடித்துவிடும். ஆனால் அது விளையும் இடத்தைப் பாருங்கள். ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர், பினாங்கில் பெய்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழையை நம்பி விதைக்கிறார்கள். பிறகு மண்ணில் தங்கிய ஈரமே செடிக்குத் துணை. மாசி, பங்குனி வெயிலில் பழுத்ததைப் பறித்துத் தரையில் பரப்பிக் காயவைக்கிறார்கள். உருண்டையாக, தடித்த தோலோடு, அடர்சிவப்பாக இருக்கும். இவ்வளவு குறைந்த நீரில் விளைவதைத்தான் நான் சாதனை என்பேன். நாக்கைச் சுட்டெரிப்பதை அல்ல. உலகம் வெப்பமாகி, மழை ஒழுங்கு தவறும் இக்காலத்தில் நமக்குத் தேவை இத்தகைய விதைகள்.

புவிசார் குறியீடு பெயரைக் காக்குமே தவிர, பயிரைக் காக்காது. பறிக்கும் மாதத்தில் மழை பெய்தால் பழத்தில் பூஞ்சை பிடிக்கும், நிறம் மங்கும், விலை சரியும். கட்டுப்படியாகாமல் உழவர் வேறு பயிருக்கு மாறினால், ஆண்டுதோறும் எடுத்துவைத்த விதையும் அவரோடு போய்விடும்.

லிட்டல் இந்தியா மளிகைக் கடைகளில் உருண்டையான காய்ந்த மிளகாயைக் கண்டால், எந்த ஊர்ச் சரக்கு என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.