கடனை அடைக்கலாம், வயதை அடைக்க முடியுமா?

வயது 35. பட்டாளத்தில் 10 வருஷ வேலை. வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள். இப்படிப்பட்ட ஒருவர், "நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்" என்றால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? "இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த ஆசை?" என்பார்கள்.

அமெரிக்காவில் இந்த ஆசையோடு வருகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே டாக்டர் படிப்பு நீண்டது. முதலில் 4 வருஷம் கல்லூரி. பிறகு 4 வருஷம் வைத்தியக் கல்லூரி. அதன் பின் ஆஸ்பத்திரியில் 3 முதல் 7 வருஷம் வரை பயிற்சி. பயிற்சியில் சம்பளம் உண்டு. வைத்தியக் கல்லூரியிலோ செலவுதான். கடன் வாங்கிப் படித்தவர்கள் சுமார் 2 லட்சம் டாலர் கடனோடு வெளியே வருவது அங்கே சகஜம்.

பட்டாளத்துக்காரருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

உழைத்துச் சேர்த்த உரிமை

முதல் வழி, ஜி.ஐ. சட்டம். உலக யுத்தத்திலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1944 ஜூன் 22-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் இது. இன்றைய வடிவம் 2009 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. மூன்று வருஷம் முழு நேரப் பணி செய்தவருக்கு 36 மாதம் படிப்புச் செலவு கிடைக்கும். வீட்டு வாடகைக்கும் பணம் உண்டு. தனியார் கல்லூரி என்றால் கட்டணத்துக்கு ஒரு வரம்பு உண்டு.

இதற்குப் பதிலாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே உழைத்தாகி விட்டது!

2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் ஜேம்ஸ் ருடிசில் என்ற வீரர். ராணுவப் பாதிரியார் ஆவதற்குப் படிக்க விரும்பியவர். பல தடவை பணி செய்து, பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டிலும் உரிமை பெற்றவர்கள் 48 மாதம் வரை உதவி பெறலாம் என்று கோர்ட்டு கூறியது. டாக்டருக்குப் படிப்பவருக்கும் இது பெரிய உதவி.

ஆனால் பலர் இந்த உரிமையை முதல் பட்டத்துக்கே செலவழித்து விடுகிறார்கள். சிலர் பிள்ளைகளுக்கு எழுதி வைத்து விடுகிறார்கள்.

கையெழுத்துப் போடும் வழிகள்

இரண்டாவது வழி, ராணுவத்தின் உபகாரச் சம்பளம். கல்லூரிக் கட்டணம் முழுவதும் ராணுவம் கட்டும். மாதாமாதம் கைச்செலவுக்கும் தரும். 4 வருஷம் உதவி பெற்றால் 4 வருஷம் ராணுவ டாக்டராக இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, மேரிலாந்தில் பெதஸ்டா என்ற ஊரில் உள்ள ராணுவ வைத்தியக் கல்லூரி. 1972-ல் சட்டம் போட்டு ஏற்படுத்தியது. கட்டணம் கிடையாது. மாணவருக்கு அதிகாரிக்குரிய சம்பளமே கிடைக்கும். பதிலுக்கு 7 வருஷம் பணி.

இந்த இரண்டிலும் ஆஸ்பத்திரிப் பயிற்சிக் காலம் கணக்கில் கழியாது. பயிற்சி முடிந்த பிறகே கடன் வருஷம் ஆரம்பம்.

கணக்குப் பாருங்கள்

35 வயதில் சேர்ந்தவர் 39-ல் கல்லூரியை முடிப்பார். 4 வருஷப் பயிற்சி என்றால் 43. உபகாரச் சம்பளம் வாங்கியவருக்கு 47 வயதில் விடுதலை. ராணுவக் கல்லூரியில் படித்தவருக்கு 50 வயதில்!

2025-ல் வந்த சட்டம் நெருக்கடியை அதிகமாக்கியது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் வைத்திய மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருஷத்துக்கு 50 ஆயிரம் டாலர்தான். மொத்தம் 2 லட்சம் டாலர்தான். படிப்புக்கு ஆகும் செலவு முழுவதையும் கடனாக வாங்கிய பழைய வழி அவர்களுக்கு இல்லை. பணம் போதாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெருகுவார்கள் என்பதே என் கவலை.

பட்டாளத்தை விட்டு வர நினைப்பவர், ஜி.ஐ. உரிமை கையில் இருந்தால் அதைக் கொண்டே படிக்கட்டும். குறைந்ததற்கு அளவாகக் கடன் வாங்கட்டும். இலவசம் என்று நினைத்து 7 வருஷத்தை விற்க வேண்டாம்.

பட்டாளத்திலேயே இருக்க விரும்புகிறவர் கதை வேறு. அங்கே 20 வருஷம் பணி செய்தால் பென்ஷன். முன்பு செய்த 10, ராணுவ ஆஸ்பத்திரிப் பயிற்சி 4, பின்பு 7 என்று கூட்டினால் 21 வருஷம். அவருக்கு அந்த 7 வருஷம் சுமை அல்ல, சேமிப்பு!

ஆகவே, "எங்கே பணம் அதிகம் தருகிறார்கள்?" என்று முதலில் கேட்கக் கூடாது. "50 வயதில் நாம் எங்கே இருக்க வேண்டும்?" என்று கேட்க வேண்டும். அதையும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. ஊர் ஊராக மாற்றலாகப் போகிறவர் அவர் மட்டும் அல்லவே! மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்துதானே போக வேண்டும்? அவர்கள் சம்மதித்த பிறகு பேனாவை எடுக்கட்டும்.