‘சப்போர்ட் பண்ணாது’ என்றால் என்ன?

பாளையம்பட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் ஜெராக்ஸ் கடை, ஆன்லைன் விண்ணப்பக் கடைகளுக்குள் போனால், அங்கிருக்கும் கணினிகள் பலவற்றுக்குக் கம்பெனிப் பெயர் இருக்காது. போர்டு ஒருவருடையது, ராம் இன்னொருவருடையது. மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கிவந்து கோத்தவை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. சரி, 11-க்கு மாறுவோம் என்று பார்த்தால், இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று திரை சொல்கிறது. மெக்கானிக்கைக் கேட்டால், “சப்போர்ட் பண்ணாதுண்ணே, புதுசு போட்ரலாம்” என்கிறார்.

அந்த ஒரு வார்த்தைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சங்கதிகள் அடைபட்டிருக்கின்றன. எது என்று தெரியாமல் புதுக் கணினிக்குக் காசு எடுத்துவைக்க வேண்டாம்.

விண்டோஸ் 11 கேட்பவற்றில் முக்கியமானவை மூன்று: டிபிஎம் 2.0, செக்யூர் பூட், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசர். டிபிஎம் என்பது ரகசியச் சாவிகளைப் பூட்டிவைக்கும் சிறு பெட்டி. தனிச் சிப் இல்லாத போர்டுகளிலும் இன்டெல் ‘பிடிடி’ என்ற பெயரிலும், ஏஎம்டி ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரிலும் அதே வேலையை உள்ளேயே வைத்திருக்கின்றன. கோத்த கணினிகளில் அது பெரும்பாலும் அணைத்துவைக்கப்பட்டே இருக்கும். கணினி தொடங்கும்போது திறக்கும் ‘பயாஸ்’ அமைப்புக்குள் போய் ஆன் செய்தால் ‘தகுதியில்லாத’ கணினி ஐந்து நிமிடத்தில் தகுதி பெற்றுவிடும். செக்யூர் பூட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. பழைய முறையில் பிரித்த ஹார்டு டிஸ்க்கை ‘ஜிபிடி’ முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே அதற்குக் கருவி இருக்கிறது, ஃபைல்கள் அழியாது. ஆனாலும் கணக்கு வழக்குகளைத் தனியே நகல் எடுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

நான்காம், ஆறாம் தலைமுறைக் கணினிகளின் கதை வேறு. அவற்றில் விண்டோஸ் 11 ஓடும். இன்ஸ்டால் செய்யும்போது நடக்கும் சோதனையைத் தாண்டுவதற்கான ரெஜிஸ்ட்ரி மாற்றத்தை மைக்ரோசாப்டே ஒரு காலத்தில் வெளியிட்டது. கூடவே, அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லிவிட்டது. அதாவது ஓடாது என்பதல்ல, ஓடினால் நாங்கள் பொறுப்பில்லை என்பது. வீட்டுக் கணினிக்கு இது போதும். ஊராரின் ஆதார் நகலும் பாஸ்புக் பக்கமும் வந்துபோகிற கடைக் கணினியில் நான் இதைச் செய்ய மாட்டேன். தனிநபர்களுக்கு விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை உண்டு; அதற்குள் யோசிக்கலாம்.

உண்மையிலேயே ஓடாத கணினியும் இருக்கிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ‘பாப்கவுன்ட்’ என்ற ஒரு கட்டளையை ப்ராசசரிடம் எதிர்பார்க்கிறது. ஓர் எண்ணை இரும எண்ணாக எழுதினால் அதில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்வதுதான் அதன் வேலை. சின்ன வேலைதான். ஆனால் கோர் 2 டுவோ சிப்பில் அந்தக் கட்டளையே இல்லை. அங்கே எந்த ரெஜிஸ்ட்ரி வித்தையும் பலிக்காது. அந்தச் சிப்புகள் பொருந்தும் ஜி41 போர்டைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

மேக் ஓஎஸ்ஸைக் கோத்த கணினியில் ஏற்றிப் பார்க்கும் ஆசை டிசைன் வேலை செய்யும் இளைஞர்களுக்கு உண்டு. ‘ஹேக்கின்டோஷ்’ என்று அதற்குப் பெயர். 2006-இல் ஆப்பிள் இன்டெல் சிப்புக்கு வந்ததால் திறந்த வழி இது. இங்கே தடை ஓடுமா என்பதில் இல்லை, அனுமதியில் இருக்கிறது: ஆப்பிள் பெயர் போட்ட கணினியில் மட்டுமே ஏற்றலாம் என்கிறது உரிமம். மேக் ஓஎஸ் 26 தான் இன்டெல்லுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டதால், அந்த வழியும் அடைபடுகிறது.

மிச்சமிருப்பது லினக்ஸ். நமக்கு அது முற்றிலும் புதிதல்ல. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் அதில் இருந்தது. அதை உருவாக்கியது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம். பல பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே இல்லை என்பது வேறு விஷயம்.

லினக்ஸ் பழைய போர்டுகளில் ஓடுவதில் மாயம் ஏதுமில்லை. கம்பெனி கைவிட்ட தறிக்கு லேத் பட்டறைக்காரர் உதிரி பாகம் கடைந்து கொடுப்பதைப் போல, யாரோ ஒருவர் அந்த வன்பொருளுக்கான டிரைவரை எழுதி வைத்திருக்கிறார். அவர்களும் என்றென்றைக்கும் கடைந்துகொண்டிருப்பதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதியதே 386 சிப் கணினியில்தான். 2012-இல் அந்த 386-க்கான பகுதியை லினக்ஸிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அளவு தெரியாத பாகத்தை லேத்காரராலும் கடைய முடியாது. நம் கடைகளில் லினக்ஸ் தடுக்கி விழும் இடம் போர்டு அல்ல, பிரிண்டர். கேனன் எல்பிபி 2900 அச்சிட வேண்டிய பக்கத்தைத் தானாக உருவாக்கிக்கொள்ளாது. கணினி அதைத் தயாரித்து அதற்கே உரிய மொழியில் அனுப்ப வேண்டும். லினக்ஸுக்குக் கேனன் கொடுத்த டிரைவர் பழையது, ஏற்றுவதற்குள் ஒரு பொழுது போய்விடும். எச்பி 1020-க்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியிலிருந்து ஒரு ஃபைல் போய்ச் சேர்ந்தால்தான் விழிப்பு வரும். அதை எச்பி-யின் லினக்ஸ் மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள், அதைத் தயாரித்தவர் லினக்ஸுக்கு டிரைவர் தருகிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே சோதிக்கலாம். லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை ஆன் செய்யலாம். வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா என்று பாருங்கள். தமிழ்99 விசைப்பலகை முறையில் இரண்டு வரி அடியுங்கள். கடைசியாக, கடை மூடிய பிறகு நிதானமாக, அந்தப் பிரிண்டரில் ஒரு தாள் எடுத்துப் பாருங்கள்.