ஆறு பேருக்கு மட்டும் பெருந்தன்மை

2023 நவம்பரில் திருவண்ணாமலை கலெக்டர் ஏழு பேர் மீது குண்டர் சட்டத்தைப் போட்டார். செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று நூறு நாளுக்கு மேல் நடந்த போராட்டத்தில் இருந்தவர்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பர் 17 அன்று முதல்வர் ஆறு பேர் மீதான ஆணையை ரத்து செய்யச் சொன்னார். ஏழாவது ஆள் உள்ளேயே இருந்தார்.

"முதல்வர் பெருந்தன்மையா விட்டுட்டாருப்பா" என்றார்கள் எங்க ஊரில். எனக்குக் கடுப்பே அந்தப் பெருந்தன்மை மேல்தான். குண்டராக்கியதும் நிர்வாகம், சில நாளில் திரும்ப விவசாயி ஆக்கியதும் நிர்வாகம். மிசாவில் உள்ளே இருந்ததை மேடைதோறும் சொல்கிற கட்சியின் ஆட்சியில் நடந்தது இது.

எம்.ஜி.ஆர். காலத்து 1982 சட்டம். கலெக்டர் கையெழுத்துப் போட்டால், 12 நாளில் அரசு ஒப்புக்கொண்டால், விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். நடுவில் அறிவுரைக் கழகம் ஒன்று பார்க்கும்; அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. நிலம் எடுக்கிற வேலையும் கலெக்டர் அலுவலகம் வழியாகத்தான் நடக்கிறது. என் வேலையில், கோட் எழுதினவனே அதை அப்ரூவ் பண்ண முடியாது. இங்கே முடியும்.

அரசியலமைப்பு தடுக்காதா? கைதானவரை 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்து என்று சொல்லும் அதே 22ஆம் பிரிவுதான், தடுப்புக் காவலுக்கு அது பொருந்தாது என்றும் சொல்கிறது. எமர்ஜென்சியில் பட்ட பிறகு, 1978இல் 44ஆவது திருத்தம் இதைக் கொஞ்சம் இறுக்கியது: அறிவுரைக் கழகத்தைக் கேட்காமல் வைத்திருக்கும் காலம் மூன்று மாதத்திலிருந்து இரண்டாகும், கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் அமைக்க வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றியது, ஜனாதிபதி ஒப்புதல் தந்தார். அமலாகும் தேதியை மட்டும் மத்திய அரசு அறிவிக்கணும். இந்த ஒரு பிரிவுக்கு அந்தத் தேதி இன்னும் வரவில்லை! கொண்டுவந்த ஜனதா போடவில்லை, பின்னால் வந்த காங்கிரஸும் பாஜகவும் போடவில்லை. 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில், அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றமும் ஒதுங்கிக்கொண்டது. தன் கையைக் கட்டும் கயிற்றைத் தானே எப்போது கட்டிக்கொள்வது என்று நிர்வாகமே முடிவு செய்யலாமாம்.

"ரவுடிகளை வேற எப்படிங்க அடக்குறது?" வழக்குப் போட்டு, சாட்சி வைத்து, தண்டனை வாங்கித்தான். அது கஷ்டம்தான். உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள், ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் எத்தனை மாதம் போகிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்று. கலெக்டருக்கு இந்த அதிகாரம் நிரந்தரமானதுகூட இல்லை. சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான். பிறகு மாநில அரசு ஆணை போட்டு நீட்டிக்கணும். இதைத் திரும்பப் பெற சட்டசபையைக் கூட்ட வேண்டியதில்லை, டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த நீட்டிப்பு ஆணை கோட்டையில் மேசைக்கு வரும்போது கையெழுத்துப் போடாமல் விட்டால் போதும்.