கால் எட்டாத சீட்

தையல்காரரைத் தவிர வேறு யாரும் என் உள்கால் அளவைக் கேட்டதில்லை. போன மாதம் ஓர் இளைஞர் கேட்டார். சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லி, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கவட்டோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து தரை வரை டேப்பை ஓட்டினார். 80 சென்டிமீட்டர். இதற்கெல்லாம் சேர்த்துக் கட்டணம் 5,000 ரூபாய் என்றதும் வீட்டில் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

‘பைக் ஃபிட்’ என்கிறார்கள். அவரவர் உடம்புக்கு ஏற்ப சைக்கிளைத் திருத்தித் தருவது. ஞாயிறுதோறும் ஈ.சி.ஆரில் கோவளம் வரை போய்வரும் எங்கள் கோஷ்டியில் ஐம்பதைத் தாண்டிய எல்லாருக்கும் ஏதோ ஒரு வலி. எனக்கு வலது முட்டியின் முன்பக்கம். போதாக்குறைக்கு, முட்டுக்காடு பாலம் வருவதற்குள் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிடும். வயசு என்று விட்டுவிட்டேன்.

தம்பி 80ஐ 0.883ஆல் பெருக்கினார். 70.6. பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை இவ்வளவு வேண்டுமாம். டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டால் பிரபலமான கணக்கு. “தோராயம்தான் சார், இங்கிருந்து ஆரம்பிக்கலாம்” என்றார். என் சைக்கிளில் இருந்தது 67.

பிறகு சைக்கிளை ஸ்டாண்டில் பூட்டி மிதிக்கவிட்டார். கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள் எங்கும் பொட்டு, பக்கத்தில் கேமரா. பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கினால் சரி. என்னுடையது 45ஐத் தாண்டியது. சீட் தாழ்ந்தால் முட்டி அதிகம் மடங்கும். ஒவ்வொரு மிதிக்கும் முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்தும். நிமிஷத்துக்கு 80 சுற்று என்றால் மணிக்கு 4,800 தடவை. விரல் மரத்ததற்கு உள்ளங்கை ஓரத்து நரம்பில் இறங்கிய உடம்பு பாரம்தான் காரணம். ஹேண்டில்பாரை 2 சென்டிமீட்டர் கிட்டே கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

“ஏன் சார் சீட்டை இவ்ளோ இறக்கி வெச்சிருக்கீங்க?”

“நின்னா கால் ஊன்ற வேணாமாப்பா?”

“நிக்கும்போது சீட்ல இருந்து முன்னாடி இறங்கணும் சார். உட்கார்ந்துக்கிட்டே ஊன்றதுக்கு அது நாற்காலியா?”

சுருக்கென்றது. சிக்னலில் முதுகுக்குப் பின்னால் உறுமும் மாநகரப் பேருந்தை நினைத்துப் பயந்துதான் சீட்டை இறக்கியிருக்கிறேன். அந்தப் பயத்தை இத்தனை வருஷமாக முட்டி சுமந்திருக்கிறது. சின்ன வயதில் கதை வேறு. வாடகைக் கடையில் கால், அரை, முக்கால் சைக்கிளெல்லாம் போய்விட்டால் 24 இஞ்ச் வண்டிதான் மிஞ்சும். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல். சீட் என்பது கக்கத்தில் இடுக்கிக்கொள்ள ஒரு பிடிமானம், அதில் உட்காருவது ஒரு கனவு. அப்படி ஏங்கி ஏறிய சீட்டைத்தான் பிற்பாடு நானே தரைக்கு இறக்கியிருக்கிறேன்.

இதில் பெரிய ஆட்களுக்கும் நிம்மதி கிடையாது. சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1969இல் பிரான்ஸின் ப்ளுவா நகரப் பந்தயத் திடலில் விழுந்து இடுப்பில் அடிபட்டார். அதற்குப் பிறகு, ஓடுகிற பந்தயத்திலேயே சீட் உயரத்தை மாற்றிக்கொண்டிருப்பார். 1972இல் மெக்சிகோவில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் மிதித்துச் சாதனை படைத்தவரும் அவரேதான்.

மூன்றரை சென்டிமீட்டரை ஒரே நாளில் ஏற்றினால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளுமாம். மூன்று தவணை. இரண்டு கட்டியாகிவிட்டது. முட்டி பேசுவதைக் குறைத்திருக்கிறது. ஆனால் கொட்டிவாக்கம் சிக்னலில் பழக்கதோஷத்தில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி, தரை கிடைக்காமல், பக்கத்து ஆட்டோவைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

நேற்று காற்றடிக்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். முப்பது வருஷப் பழக்கம். பம்பை ஓரம் வைத்துவிட்டு அண்ணன் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

“எவன் சார் சீட்டை இப்படி ஏத்திவிட்டது? கால் எட்டாம விழுந்து வைக்கப் போறீங்க. ரெண்டு நிமிஷம் நில்லுங்க” என்று அலன் கீயைத் தேடி உள்ளே போனார்.

பின் டயரில் காற்று பாதிதான் ஏறியிருந்தது. அவர் வெளியே வருவதற்குள் நான் தெருவைத் தாண்டிவிட்டேன்.