ஆர்மோனியம் சரியாக இருந்தால் போதுமா?

இளையராஜாவாக தனுஷ் பொருந்துவாரா? 2024 மார்ச்சில் அருண் மாதேஸ்வரன் இயக்கத்தில் படம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, எங்கள் கம்மாபுரம் டீக்கடையிலும் இதே சண்டைதான்.

ஒரு காலத்தில் ரசிகன், பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி கேசட் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். இன்று போஸ்டரைப் பெரிதாக்கி அலசுகிறான். அலசட்டும். ஆனால் சட்டை, ஆர்மோனியம், தலைமுடி வரை துருவுகிறவன், சாதி என்றதும் ஏன் நின்றுவிடுகிறான்?

பண்ணைப்புரத்தில் தலித் குடும்பத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிய பையன்தான் 1976-இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார். வறுமையை மட்டும் காட்டினால், அது யாருடைய கதையாகவும் இருக்கலாம்.

"அவரே தன்னை தலித் என்று சொல்லிக்கொள்வதில்லையே?" என்பார்கள். அது அவர் உரிமை. அவர்மேல் எதையும் ஒட்டச் சொல்லவில்லை. அவர் பிறந்த ஊரைக் காட்டு என்கிறோம். ஊரென்றும் சேரியென்றும் பிரித்தது அவரில்லையே!

முடியாத காரியமும் இல்லை. 1988-இல் சுட்டுக்கொல்லப்பட்ட பஞ்சாபி தலித் பாடகர் சம்கீலாவைப் பற்றி இம்தியாஸ் அலி எடுத்த படத்தில், நாயகன் தன் சாதியைத் தன் வாயாலேயே சொல்கிறான். பாட்டின் இனிமை குறைந்துவிட்டதா?

தம்பி, தங்கைகளே, இந்தப் படம் எப்போது வந்தாலும் முதல் காட்சிக்கே போங்கள். விசிலடியுங்கள். வெளியே வந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்தச் சிறுவனின் வீடு எந்தத் தெருவில் இருந்தது? படம் அதைச் சொல்லாவிட்டால், ஆர்மோனியம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் படம் பொய்தான்.