கடலில் நடப்போகும் காற்றாலையை முதலில் கம்ப்யூட்டரில் ஆட்டிப் பார்ப்பது ஏன்?

மாமல்லபுரம் கடற்கரையில் அலையில் கால் நனைத்து நின்றிருப்பீர்கள். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் சரசரவெனக் கரையும். நின்ற இடத்திலேயே லேசாகத் தள்ளாடுவோம். கடலுக்குள் காற்றாலை நடுபவர்களுக்கும் இதே தலைவலிதான்.

தமிழ்நாட்டுக் கடலில் இதுவரை ஒரு காற்றாலைகூட இல்லை. ஆனால் 2024 ஜூனில், தமிழ்நாடு, குஜராத் கடல்களில் தலா 500 மெகாவாட் அமைக்க 6,853 கோடி ரூபாய் உதவித்தொகைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இங்கே குறி மன்னார் வளைகுடா. இவ்வளவு பணத்தைக் கடலில் இறக்கும் முன் செய்வதுதான் சிமுலேஷன்.

சரி, அதில் என்ன பார்க்கிறார்கள்?

அமெரிக்காவின் என்.ஆர்.இ.எல். ஆய்வகம் ஆராய்ச்சிக்காக ஒரு 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையை வடிவமைத்தது. இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 126 மீட்டர். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 12 சுற்று, அதாவது 5 நொடிக்கு ஒன்று. மூன்று இறக்கை என்பதால் சுமார் 1.7 நொடிக்கு ஒருமுறை கோபுரத்துக்கு ஒரு சின்ன தட்டு விழும். கோபுரத்துக்கும் சொந்தமாக ஒரு ஆட்டம் உண்டு. இரண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்தால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுகிற கதைதான். ஆட்டம் ஏறிக்கொண்டே போய் இரும்பில் விரிசல் விடும். அதனால் கோபுரத்தின் ஆட்டத்தை நடுவில், சுமார் 3 நொடியில் நிற்கவைக்கிறார்கள்.

இப்போது அடிமண் அரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிமானம் தளர்ந்து ஆட்டம் மெதுவாகும். அது 5 நொடியை நோக்கி நகரும். கடல் அலைகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

புயல் வந்தால்? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். காற்று மணிக்கு 90 கி.மீ. வாக்கில் எட்டினால் பெரும்பாலான காற்றாலைகள் தானாகவே நின்றுவிடும். நின்றுவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். அதுதான் இல்லை. சுழலும் இறக்கைகள் பிரேக் மாதிரி கோபுரத்தின் ஆட்டத்தை அடக்குகின்றன. நின்றதும் அந்த பிரேக் போய்விடும், அலை மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான சூழல்களை ஓபன்ஃபாஸ்ட் போன்ற மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அது இலவசம், நம் கல்லூரி மாணவர்களும் இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் கணக்கு தப்பாதா என்றால், தப்பும். 2010 வாக்கில் ஐரோப்பாவின் வடகடலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகளில், அடித்தூணையும் மேல்பகுதியையும் இணைத்த சிமென்ட் கலவை பிடி தளர்ந்து வழுக்கியது. விதிப்புத்தகப்படி கட்டியவைதான் அவை. சிறிய குழாய்களுக்குப் பொருந்திய கணக்கு பெரிய தூண்களுக்குப் பொருந்தவில்லை.

அதனால்தான் நிஜத் தண்ணீரும் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் தையூரில், ஐஐடி மெட்ராஸின் இரண்டாவது வளாகத்தில், துறைமுக, கடலோரக் கட்டுமான ஆய்வுக்காகப் பெரிய அலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. பல திசைகளிலிருந்து அலை எழுப்பி, சிறிய மாதிரிகளை அதில் சோதிக்கலாம்.

தொட்டியும் மென்பொருளும் இருந்தாலும், மன்னார் வளைகுடாவின் மண்ணையும் அலையையும் அங்கேயே போய்த்தான் அளக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடலுக்கு 2024-ல் விடப்பட்ட 4,000 மெகாவாட் டெண்டர் 2025-ல் ரத்தாகிவிட்டது. அடுத்த டெண்டர் வருவதற்குள், நடப்போகும் இடங்களில் கடலடியைத் துளைத்து மண் எடுக்கும் வேலையை முடிக்க அவகாசம் இருக்கிறது.