ரயில் போன பாதையில் சைக்கிள்: திட்டத்தை நீங்களே போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், கேம்ஸ் விளையாடுவார்கள். கூடவே வந்த ஒர்க்ஷீட் புரோகிராமை ஒரு முறை திறந்து, வெறும் கட்டங்களாக இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். வீட்டு வரவு செலவுக் கணக்கு எழுதிப் பழகுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதனால் வேறொன்று சொல்கிறேன். ஒரு சைக்கிள் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டுப் பாருங்கள். போகிறீர்களோ இல்லையோ, கம்ப்யூட்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

நான் எடுத்துக்கொள்ளும் பாதை அமெரிக்காவின் கிரேட் அலிகேனி பாசேஜ். பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து மேரிலாந்தின் கம்பர்லேண்ட் வரை 150 மைல். சுமார் 240 கிலோமீட்டர். (பிட்ஸ்பர்க் என்றதும் நம்மவர்களுக்கு வெங்கடேஸ்வரா கோயில்தான் நினைவுக்கு வரும். அதே ஊர்தான்.) ரயில்கள் நின்று போன தடங்களில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கல் பொடி பரப்பி, துண்டு துண்டாகப் போட்டு வந்த பாதை இது. 2013ல் முழுமை பெற்றது. கட்டணம் கிடையாது, பெரும்பகுதியில் கார், லாரி தொல்லையும் இல்லை.

இன்று எந்த ஏ.ஐ. சாட்பாட்டிடம் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் நான்கு நாள் பயணத் திட்டம் தந்துவிடும். பார்க்க அழகாகவும் இருக்கும். அதை அப்படியே நம்பி ஓட்டலுக்குப் பணம் கட்டக் கூடாது என்பதுதான் என் கருத்து. தூரத்தைப் பிரித்துக் கொடுப்பது பெரிய வேலை அல்ல. முக்கியமான கேள்விகள் இரண்டு. எந்தப் பக்கமிருந்து கிளம்புவது? எந்த மாதத்தில் போவது? இவற்றை நீங்களாகக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

முதல் கேள்விக்குப் பாதையின் உயர வரைபடத்தைப் பாருங்கள். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே இந்தப் பாதையில் எங்குமே 100 மீட்டருக்கு 2 மீட்டருக்கு மேல் ஏற்றம் இல்லை. ஆனால் கம்பர்லேண்டிலிருந்து கிளம்பினால் அந்த மெல்லிய ஏற்றம் 24 மைல் விடாமல் தொடர்கிறது. அதன் உச்சி 2,392 அடி உயரத்தில் உள்ளது. பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்தால் ஏறக்குறைய அதே உயரம் 126 மைலில் பரவிவிடுகிறது. கடைசி 24 மைலும் இறக்கம். வீட்டு மேஜையில் இதைப் பார்க்காதவர், முதல் நாள் மதியம் தம் முழங்காலில் தெரிந்துகொள்வார்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். உச்சிக்கு அருகே பிக் சாவேஜ் என்ற சுரங்கப்பாதை இருக்கிறது. நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். உள்ளே கசியும் நீர் உறைந்து சுவரைக் கெடுக்காமலிருக்க, ஒவ்வொரு குளிர்காலமும் கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். ஏப்ரலில்தான் திறக்கிறார்கள். மேப்பில் கோடு நேராகப் போவதை மட்டும் பார்த்து மார்ச்சில் கிளம்பியவர், மூடிய கதவின் முன் நிற்க வேண்டியதுதான். மாற்று வழி என்றால், அந்தக் குளிரில் மலை மேல் ஏறும் கார் சாலைகள். திறக்கும் தேதியைப் பாதையை நிர்வகிப்பவர்களின் தளத்தில் பார்த்து, அந்தத் தகவல் எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் கவனித்திடுங்கள்.

இப்போது ஒர்க்ஷீட்டுக்கு வருவோம். எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் நெட்டு வரிசையில் இரவு தங்கும் ஊர். அடுத்ததில் கம்பர்லேண்டைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் மைல் கணக்கு. பிட்ஸ்பர்க் 150, வெஸ்ட் நியூட்டன் 114, ஒஹையோபைல் 72, ராக்வுட் 44, கம்பர்லேண்ட் 0. மூன்றாவதில் மேல் செல்லிலிருந்து கீழ் செல்லைக் கழித்து 1.6 ஆல் பெருக்கும் ஃபார்முலாவை ஒரு முறை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள். 58, 67, 45, 70 கிலோமீட்டர் என நான்கு நாள் கணக்கு வந்துவிடும். ஒஹையோபைலுக்குப் பதில் 62வது மைலில் உள்ள கான்புளூயன்சில் தங்கலாமா? 72 என்பதை 62 என மாற்றுங்கள். இரண்டாம் நாள் 83 ஆகவும் மூன்றாம் நாள் 29 ஆகவும் தானே மாறும். புதியவருக்கு 83 அதிகம். மேலும் ஒஹையோபைலில் அருவி இருக்கிறது. அங்கே தங்குவதே மேல்.

நான்காவது வரிசைதான் எனக்குப் பிடித்தது. அதில் அந்தத் தகவலை நீங்கள் சரிபார்த்த தேதியை எழுதுங்கள். திரும்பி வரும் ரயிலையே எடுத்துக்கொள்ளலாம். ஆம்ட்ராக் நிறுவனத்தின் கேப்பிடல் லிமிடெட் ரயிலில் சைக்கிளோடு திரும்பலாம் என்று பழைய கட்டுரைகள் பலவற்றில் இருக்கும். அந்த ரயில் 2024 நவம்பரில் வேறொரு ரயிலுடன் இணைக்கப்பட்டு, புளோரிடியன் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. பழைய பெயரைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். சைக்கிளுக்குத் தனியே இடம் பதிவு செய்திட வேண்டும்; இடங்களும் குறைவு. எனவே ரயில் தேதியை முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கேற்ப ஓட்டல்களைப் பதிவு செய்திடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து முன்பணத்தை இழக்கிறார்கள்.

எல்லாம் மொபைலில் இருக்கிறதே, பிரிண்ட் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். யாக்கியகேனி ஆற்றுப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. மேப்பை முன்பே ஆப்லைனில் டவுண்லோட் செய்து வைத்திடுங்கள். ஒர்க்ஷீட்டை ஒரே பக்கத்தில் அடங்கும்படி அமைத்து இரண்டு பிரதிகள் எடுத்திடுங்கள். ஒன்று பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹேண்டில்பார் பையில். மற்றொன்று வீட்டில் இருப்பவர்களிடம்.